டூ பை டூ துணியில் ஒரு நட்சத்திர பிளாக்: எல்லாம் அந்த ¼ அங்குலம்தான்

ஃபிரெண்ட்ஷிப் ஸ்டார், துணித் துண்டுகளை ஒட்டுத்தைத்துச் செய்யும் அமெரிக்க க்வில்ட் போர்வை மரபில் வரும் ஒரு பிளாக், அதாவது போர்வையின் ஒரு சதுரம். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம், நடுச் சதுரத்தைச் சுற்றி நான்கு முனைகள். மிஷினில் நேர்த்தையல் வந்தால் போதும்.

துணி. க்வில்டிங் காட்டன் என்று தேடிக் காசைக் கொட்ட வேண்டாம். தி.நகரோ புரசைவாக்கமோ, ரவிக்கைத் துணி விற்கும் மேட்சிங் சென்டரில் பாலியஸ்டர் கலக்காத டூ பை டூ கேளுங்கள். அடர் நிறம் ஒன்று, வெளிர் நிறம் ஒன்று, அரை அரை மீட்டர் தாராளம். வெட்டும் முன் அலசிவிடுங்கள், சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். 1960களில் நம் ஊர்ப் பெயர் கொண்ட கட்டம் போட்ட துணியை, சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்று அமெரிக்காவில் விற்றார்கள். சட்டைக்கு அது அழகு. வெள்ளையை ஒட்டி வரும் நட்சத்திரத்துக்கு ஆகாது.

டூ பை டூ மெல்லியது, மூலைக்கு மூலை குறுக்காக வெட்டினால் இழுபடும். அதனால் அலசியதும் சாதம் வடித்த கஞ்சியில் முக்கி, காயவைத்து, மொறுமொறுவென்று இஸ்திரி போடுங்கள். ஸ்ப்ரே ஸ்டார்ச்சைவிட எனக்குக் கஞ்சிதான் பிடிக்கும்.

வெட்டு. அடர் நிறத்தில் 3½ அங்குலச் சதுரம் ஒன்று, 4 அங்குலம் இரண்டு. வெளிரில் 3½ நான்கு, 4 இரண்டு. டெய்லர் சாக் வேண்டாம், கோடு தடிக்கும். கூராகச் சீவிய பென்சிலும் ஸ்டீல் ஸ்கேலும் போதும்.

¼ அங்குலத் தையல். அதாவது துணியின் ஓரத்திலிருந்து ¼ அங்குலம் உள்ளே தைப்பது. பலருக்கும் இடறுவது இங்கேதான். ரவிக்கை தைத்த கை, பிரித்துத் தைக்க இடம் விட்டே பழகியிருக்கும். இங்கே அது கெடுதல். ஒரு வரிசையில் இரண்டு தையல், தையலுக்கு இரண்டு ஓரம். ஓரத்துக்கு 1/16 அங்குலம் கூடினாலும் வரிசையில் ¼ அங்குலம் போய்விடும், முனைகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

பிரஸ்ஸர் ஃபுட்டின் ஓரத்தை நம்பாதீர்கள். ஊசியைக் கையால் இறக்கி, அதிலிருந்து ¼ அங்குலம் வலப்புறம் அளந்து, ஊசித்தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், துணியின் ஓரம் அதை ஒட்டியே ஓடட்டும். பிறகு சோதனை: 1½ அங்குல அகலப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளங்கள். சரியாக 1 அங்குலம் வர வேண்டும். குறைந்தால் டேப்பை ஒரு நூலளவு ஊசிப் பக்கம் நகர்த்துங்கள், துணி மடியும் இடமே அந்த நூலளவைத் தின்றுவிடும். சரியாக 1 அங்குலம் வரும்வரை பிளாக்கைத் தொடாதீர்கள்.

முக்கோணங்கள். 4 அங்குலச் சதுரங்களில் அடரையும் வெளிரையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி ஜோடி சேர்த்து, மூலைக்கு மூலை கோடு போடுங்கள். கோட்டின் இருபுறமும் ¼ அங்குலத்தில் தைத்து, கோட்டிலேயே வெட்டினால் ஜோடிக்கு இரண்டாக, நான்கு இருநிறச் சதுரங்கள். தையலை அடர் பக்கம் மடித்து இஸ்திரி போட்டு, தையல் மூலைக்கு மூலை ஓடும்படி 3½ அங்குலத்துக்கு நறுக்குங்கள்.

அடுக்கு. நான்கு மூலையிலும் வெளிர் சதுரம், நடுவில் அடர். மீதி நான்கு இடத்தில் இருநிறச் சதுரங்கள், ஒவ்வொன்றின் அடர் பக்கமும் நடுவை ஒட்டி, காகிதக் காற்றாடி போல ஒரே திசையில் சுற்ற வேண்டும். தைக்கும் முன் போனில் ஒரு படம் எடுங்கள், திரும்பியிருக்கும் துண்டு படத்தில் உடனே தெரியும்.

வரிசை வரிசையாகத் தையுங்கள். மேல், கீழ் வரிசைகளில் தையலை வெளிப்பக்கமும் நடு வரிசையில் உள்பக்கமும் மடித்து இஸ்திரி போட்டால், வரிசைகளை இணைக்கும்போது மடிப்புகள் எதிரெதிரே பூட்டிக்கொள்ளும். அங்கே குண்டூசி குத்தித் தையுங்கள். முடிந்த பிளாக் 9½ அங்குலம்.

பிறகு சேர்த்தது: இஸ்திரிக்குப் பிறகு பிளாக் கோணலாவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காதீர்கள், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். இன்னொன்று, கஞ்சி போட்ட துண்டுகளை மழைக்காலத்தில் அலமாரியில் போட்டுவைக்காதீர்கள், இராமபாணப் பூச்சி அரித்துவிடும். தைக்கும் வாரத்தில் கஞ்சி போட்டால் போதும்.