பழைய பூ ஆல்பம் கையில கிடைச்சா தயவுசெஞ்சு இதெல்லாம் செஞ்சிராதீங்க

கன்னியாகுமரி மாவட்டத்துல தோவாளை பக்கத்துல பொறந்தவங்களுக்கு பூவப் பத்தி யாரும் சொல்லித்தர வேண்டாம், காலைல கட்டுன பிச்சி ராத்திரிக்குள்ள என்ன ஆகும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா நூறு வருஷம் முன்னாடி எங்கயோ பறிச்சு அமுக்கிக் காயவச்ச பூ ஒண்ணு கையில வந்தா அத எப்படி வச்சுக்கணும்னு நம்ம ஆளுங்களுக்கு தெரிய மாட்டேங்குது. பாசத்துலயே கெடுத்துருதோம், அதான் இத எழுதுதேன்.

நான் சொல்லுறது எருசலேம் பூ ஆல்பம். 1800களோட கடைசில இருந்து 1900களோட தொடக்கம் வரைக்கும் அங்க போற யாத்திரைக்காரங்களுக்கு இத நினைவுப்பொருளா வித்தாங்க. ரெண்டு பக்கமும் ஒலிவ மரப்பலகை அட்டை, முதுகுல தோலோ துணியோ, உள்ள பக்கத்துக்கு ஒரு பைபிள் இடத்தோட பேரு, பெத்லகேம், கெத்செமனே தோட்டம், நாசரேத்துன்னு, அதுக்கு மேல குட்டிக் குட்டி பூவும் இலையும் கொத்து மாதிரி ஒட்டியிருக்கும். இதே மாதிரி சுவிட்சர்லாந்துக்கு போனவங்க எடல்வைஸ் பூ வச்ச ஆல்பம் வாங்குனாங்க, நியூசிலாந்துல பெரணி இலை ஆல்பம் வித்துச்சு. 1806ல ரிங்கல்தௌபேங்கிற மிஷனரி மயிலாடி பக்கம் வந்ததுல இருந்து மிஷன் தொடர்பு உள்ள ஊரு நம்மது, அதனால பழைய வீட்டு டிரங்குப் பெட்டிய ஒதுக்கும்போது இப்படி ஒண்ணு கிடைச்சா ஆச்சரியமில்ல. எங்க பாட்டி பெட்டிலயும் ஒண்ணு இருந்துச்சு.

அதுல எங்க வீட்டுல நடந்த முதல் தப்பு தேங்காய் எண்ணெய். மரம் வெளிறிப் போயிருக்கேன்னு துணில தொட்டு நல்லா தேச்சுட்டாங்க, ரெண்டு நாள் பளபளன்னுதான் இருந்துச்சு, அப்புறம் எண்ணெய் உள்பக்கம் இறங்கி முதல் பக்கத்துல மஞ்சக் கறையா நின்னுட்டு, அது இன்னும் போகல. எண்ணெயும் வேண்டாம் வார்னிஷும் வேண்டாம், காய்ஞ்ச மெத்துன பிரஷ்ஷால தூசியத் தட்டுங்க, அது போதும்.

அடுத்து செலோ டேப். இதழ் தூக்கிட்டு நிக்குதேன்னு டேப் ஒட்டுனா கொஞ்ச வருஷத்துல பசை பழுப்பாகி பேப்பருக்குள்ள ஊறிரும், பிய்ச்சா பூவும் சேந்து வரும். ஃபெவிக்காலும் அதே கதிதான். லேமினேஷன் பண்ணுறதப் பத்தி பேசவே வேண்டாம், அந்தச் சூட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அப்புறம் பூவத் திரும்ப வெளிய எடுக்கவே முடியாது.

நம்ம மாவட்டத்துக்கு பெரிய எதிரி ஈரம்தான். ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை, கடற்கரை பக்கம்னா உப்புக்காத்து வேற. சுவத்த ஒட்டின மர அலமாரி, அடுக்களைப் பக்கம், மொட்டை மாடி ரூம், இங்கெல்லாம் வச்சா பூஞ்சை வந்துரும், ராமபாணப் பூச்சி பசையத் தேடி வந்து பேப்பரையும் அரிச்சுரும். ஈரப்பதம் 45ல இருந்து 55 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது, அத காட்டுற சின்ன மீட்டர் ஆன்லைன்லயே கிடைக்குது. அமிலம் இல்லாத அட்டைப்பெட்டில படுக்க வச்சு, கூட சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க, ஆனா அது பூ மேல படக்கூடாது, அளவுக்கு மீறி போட்டாலும் இதழ் அப்பளம் மாதிரி நொறுங்கிரும். அந்துருண்டையும் கற்பூரமும் உள்ள வேண்டாம். பூஞ்சை வந்துட்டேன்னு வெயில்ல காயப்போடுறதுதான் எல்லாத்துலயும் கொடுமை, செவப்பும் நீலமும் வெளிச்சத்துல சீக்கிரம் வெளுத்துரும், போன நிறம் திரும்பி வராது.

அதே காரணத்துக்காக, வாங்கும்போது பூ பழுப்பா இருக்கேன்னு வெறுக்காதீங்க. நூறு வருஷப் பூ அப்படித்தான் இருக்கும், சொல்லப்போனா செவப்பு இப்பப் பறிச்ச மாதிரி இருந்தாத்தான் பின்னால யாரும் சாயம் பூசுனாங்களான்னு பாக்கணும். பக்கத்துல கெத்செமனேன்னு போட்டிருந்தா பூவ அந்தத் தோட்டத்துலயே பறிச்சாங்கன்னு எடுத்துக்கவும் வேண்டாம், கடைக்காக மொத்தமா சேத்து ஒட்டுனதுதான். காலத்தக் கண்டுபிடிக்க முதல் பக்கத்தப் பாருங்க, நாட்டோட பேரு இஸ்ரேல்னு அச்சடிச்சிருந்தா அது 1948க்குப் பிறகு வந்தது, யாரு என்ன சொன்னாலும் அதுக்கு நூறு வருஷ விலை குடுக்காதீங்க. ஆன்லைன்ல வாங்கினா அட்டைய மட்டும் பாத்து காசு அனுப்பாம ஒவ்வொரு பக்கத்துக்கும் போட்டோ கேளுங்க, நடுவுல பக்கம் கிழிஞ்சு போனது நிறைய இருக்கு.

கிழிஞ்சு போறதுக்கு ஒரு காரணம், பக்கத்த தனித்தனியா பிரிச்சு பிரேம் போட்டு விக்கிறது. அதுக்கு தயவுசெஞ்சு துணை போகாதீங்க, ஆல்பம் முழுசா இருந்தாத்தான் அதுக்கு அர்த்தம். நடுவுல இருக்கிற மெல்லிசு தாள் கறை பிடிச்சு அசிங்கமா இருக்குன்னு உருவிப் போடாதீங்க, இத்தனை வருஷம் பூவக் காப்பாத்துனதே அதுதான். உள்ள மையில பேரோ தேதியோ எழுதியிருந்தா அழிக்காதீங்க, யாரு கையில இருந்து யாருக்கு வந்துச்சுன்னு சொல்ல அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கும்.

இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரங்களுக்கு விக்கலாம்னு யோசிக்கிறவங்க கவனமா இருங்க. 1972ம் வருஷ தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின பொருள தனியாளு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, முதல்ல தொல்லியல் துறைல கேட்டுக்கங்க.

பிள்ளைங்களுக்குக் காட்டுங்க, பூட்டியே வைக்கச் சொல்லல. அட்டைய மேசைல மல்லாத்திப் பட்டுன்னு விரிச்சா முதுகு பிஞ்சுரும், அதனால ரெண்டு பக்கமும் தலையணை வச்சு பாதி மட்டும் திறங்க, பக்கத்துக்கு அடியில முழுக் கையக் குடுத்து பையப் பையத் திருப்புங்க, ஃபேன ஆஃப் பண்ணிருங்க. அந்தக் காலத்துல காய்ஞ்ச செடிக்கு பூச்சி வரக்கூடாதுன்னு பாதரச உப்பு தடவுற வழக்கம் உண்டு, அதனால மோந்து பாக்க விடாதீங்க, பாத்து முடிச்சதும் கைய சோப்பு போட்டு கழுவச் சொல்லுங்க. இதழ் ஏதாவது உதிர்ந்தா குப்பைல போடாம பட்டர் பேப்பர்ல மடிச்சு, எந்தப் பக்கத்துல இருந்து விழுந்துச்சுன்னு மேல பென்சில்ல எழுதி அந்தப் பெட்டிலயே வச்சிருங்க.