மலைப்பாதையில் தலைக்கவசம் நழுவாமல் இருக்க: அளவு, அமர்வு, வார்

தலைக்கவசத்தைத் தலையில் வைத்துப் பக்கிளைப் பூட்டிவிட்டால் பாதுகாப்பு உறுதியாகிவிட்டது என்றுதான் மலைப்பாதையில் மிதிவண்டி ஓட்டும் பலரும் எண்ணுகிறோம். பூட்டுவது கடைசிப் படி. அதற்கு முன் கவசத்தின் அளவு, அது தலையில் அமரும் நிலை, காதைச் சுற்றி வரும் வார்களின் நீளம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால்தான், விழும் கணத்தில் அது தான் மூட வேண்டிய நெற்றியையும் பின்னந்தலையையும் மூடிக்கொண்டு நிற்கும். கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் இது மிகவும் முக்கியம். அங்கே வண்டியின் குலுக்கல் முழுவதும் தலைவரை ஏறுகிறது, விழுந்தாலும் பெரும்பாலும் ஒரே அடியோடு நிற்பதில்லை. முதலில் தோள், பிறகு தலை, உருண்டபின் மறுபடியும் தலை என்று அடுத்தடுத்து அடிபடும்போது, முதல் அடியிலேயே நழுவிய கவசம் அடுத்த அடிக்கு உதவாது.

கவசம் எப்படிக் காக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அதை ஏன் இவ்வளவு நுணுக்கமாக மாட்ட வேண்டும் என்பதும் புரியும். வெளியே பளபளக்கும் பாலிகார்பனேட் ஓடு மிக மெல்லியது. மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்வது அதன் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை அடுக்குதான். தலை தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்கி, தலை நிற்பதற்குக் கிடைக்கும் தூரத்தைச் சில மில்லிமீட்டர்கள் கூட்டித் தருகிறது. அந்தச் சில மில்லிமீட்டர்களில்தான் மூளைக்குச் செல்லும் அதிர்ச்சி குறைகிறது. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வகுத்து, 1999 முதல் நடைமுறையில் உள்ள சி.பி.எஸ்.சி. தரநிலையின்படி, போலித்தலையில் மாட்டிய கவசத்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்புப் பரப்பின் மீது விழவிட்டு, உள்ளே பதிவாகும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 300 மடங்கைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஐரோப்பாவின் இ.என். 1078 தரநிலையில் அந்த வரம்பு 250 மடங்கு. இந்த எண்கள் எல்லாம், கவசம் அமர வேண்டிய இடத்தில் அமர்ந்திருக்கும்போது கிடைப்பவை. அதனால்தான் அதே சி.பி.எஸ்.சி. தரநிலையில் இன்னொரு சோதனையும் இருக்கிறது: கவசத்தின் விளிம்பில் ஒரு கயிற்றைக் கொக்கியால் மாட்டி, 4 கிலோ எடையை 0.6 மீட்டர் விழவிட்டுச் சுண்டி இழுத்து, கவசம் போலித்தலையிலிருந்து கழன்று வருகிறதா என்று பார்ப்பார்கள். நம் தலையில் நாம் செய்ய வேண்டியதும் இதே சோதனையைத்தான். எடைக்குப் பதிலாகக் கை இருக்கிறது.

அளவில் தொடங்குவோம். இஞ்ச் டேப்பைப் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம் விட்டு, காதுகளுக்குச் சற்று மேலாக, பின்னந்தலை அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, கிடைக்கும் சுற்றளவைத் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு தயாரிப்பாளரின் மீடியமும் இன்னொருவரின் மீடியமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், எழுத்தை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புவது நல்லது. சுற்றளவு பொருந்தினாலும் வடிவம் பொருந்தாமல் போகலாம். நெற்றியும் பின்னந்தலையும் அழுந்தி, பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தால், உங்கள் நீள்வட்டத் தலைக்கு அந்தக் கவசம் மிகவும் உருண்டையானது. நெற்றிப்பொட்டுகள் அழுந்தி, முன்னும் பின்னும் இடைவெளி இருந்தால் அதற்கு நேர்மாறு. இரண்டையும் தடிமனான பஞ்சுத் திண்டுகளால் சரிசெய்ய முயலாமல் வேறு வார்ப்பைத் தேடுவதே சரி. குழந்தைகளுக்கு வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிய அளவாக வாங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

வார்களைப் பூட்டாமலும், கவசத்தைத் தலையோடு இறுக்கும் பின்புறத் திருகை இறுக்காமலும் கவசத்தைத் தலையில் வைத்து, தலையை மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். அது சுமாராகவேனும் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். திருகு என்பது சரியான அளவுள்ள கவசத்தை மேலும் பதமாக்குவதற்கு மட்டுமே. தொளதொளவென்று இருக்கும் கவசத்தை அது பொருத்தமானதாக்கிவிடாது.

இப்போது அமரும் நிலை. கவசத்தின் முன்விளிம்புக்கும் புருவத்துக்கும் இடையே ஒரு விரலோ இரண்டு விரலோ அகலம்தான் இருக்கலாம். தலையை அசைக்காமல் கண்களை மட்டும் உயர்த்தினால் விளிம்பு லேசாகத் தெரிய வேண்டும். நெற்றி முழுவதும் வெளியே தெரியும்படி பின்னால் சாய்த்து அணிவதுதான் நான் பாதைகளில் அதிகம் காணும் தவறு. ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கியெறியப்படும் ஒருவர் முதலில் தரையில் பதிப்பது பல வேளைகளில் அந்த நெற்றியைத்தான். மலைப்பாதைக் கவசங்களில் நெற்றிக்கு மேலாக முன்னே நீளும் வைசர் இதைக் கவனிக்கவிடாமல் மறைத்துவிடுகிறது. வைசர் பார்வையை மறைக்கிறது என்று கவசத்தையே பின்னால் தள்ளாமல், கவசத்தை மட்டமாக வைத்துவிட்டு வைசரை மட்டும் உயர்த்த வேண்டும்.

நிலை சரியானதும் பின்புறத் திருகு. அதன் தாங்கி பின்னந்தலைப் புடைப்புக்குக் கீழே, அதைக் கையில் ஏந்துவதுபோல் அமர வேண்டும். பெரும்பாலான கவசங்களில் இந்தத் தாங்கியை உள்ளே இரண்டு மூன்று நிலைகளில் ஏற்றி இறக்கலாம். வாங்கிய நாளில் ஒருமுறை இதைப் பார்த்துச் சரியான நிலையில் வைத்துவிடுங்கள். திருகைத் தலை சுற்றிலும் சீராக இறுகும்வரை திருகினால் போதும். அரை மணி நேரத்தில் தலைவலி வந்தால் அது அதிகம்.

அடுத்தது வார்கள். முறையாக நேரம் கொடுக்க வேண்டியது இங்கேதான். ஒவ்வொரு காதுக்கும் முன்னாலிருந்து ஒரு வாரும் பின்னாலிருந்து ஒரு வாரும் இறங்கி, காது மடலுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பிளாஸ்டிக் பூட்டில் சேர்கின்றன. அந்தப் பூட்டைத் திறந்து, இரண்டு வார்களும் காதைத் தொடாமல் அதைச் சுற்றி ஆங்கில 'வி' வடிவில் நிற்கும்வரை ஏற்றி இறக்கிவிட்டு மூடுங்கள். முன்வார் தளர்ந்திருந்தால் கவசம் பின்னால் சாயும். பின்வார் தளர்ந்திருந்தால் கண்ணின் மேல் விழும். பலர் முன்வாரை மட்டும் இழுத்துவிட்டு, பின்வார் காதுக்குப் பின்னால் வளைந்து தொங்குவதைக் கவனிப்பதே இல்லை. கண்ணாடி முன் நின்று, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு வார்களும் சமமாக விறைப்பாக இருக்கின்றனவா, எங்கேனும் முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முறுக்கிய வார் தோலை அறுக்கும்; இழுபடும்போது முறுக்கு அவிழ்ந்து நீளமும் கூடிவிடும்.

பிறகே தாடைக்குக் கீழே பக்கிளைப் பூட்ட வேண்டும். பக்கிள் தாடையின் நுனியில் அல்லாமல், தொண்டைக்கு மேலே தாடையின் அடிப்பகுதியை ஒட்டி வரட்டும். வாருக்கும் தாடைக்கும் இடையே ஒரு விரல் நுழையலாம்; இரண்டாவது விரலுக்குச் சிரமப்பட வேண்டும். வாயை அகலத் திறந்தால், கவசம் உச்சந்தலையில் லேசாக அழுந்துவதை உணர வேண்டும். அப்படி அழுந்தவில்லையென்றால் வார் நீளம். பூட்டியபின் பக்கிளின் இருபுறமும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மண் புகுந்த பக்கிள் சத்தம் எழுப்பியும் முழுமையாக மாட்டாமல் இருப்பதுண்டு.

இனி நான் சொன்ன கைச்சோதனை. உள்ளங்கையை நெற்றி விளிம்பில் வைத்துக் கவசத்தை மேலும் பின்னுமாகத் தள்ளுங்கள். பிறகு பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டுங்கள். நெற்றித் தோல் அதோடு சேர்ந்து நகர்ந்தால் சரி. தோல் அப்படியே நிற்க, கவசம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்தால், மேலே நகர்ந்ததற்கு முன்வாரையும் கண்ணை நோக்கி இறங்கியதற்குப் பின்வாரையும் சுருக்க வேண்டும். மிப்ஸ் போன்ற சுழல்தடுப்பு அடுக்கு உள்ள கவசத்தில், தலையைப் பற்றிய உள்ளடுக்கு நிற்க, வெளிக்கூடு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வழுக்குவது இயல்பு. சாய்வாக விழும் அடியின் சுழற்சியைக் குறைப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதைத் தளர்ச்சி என்று எண்ணி அந்த அடுக்கை ஒட்டிவிடவோ பிடுங்கிவிடவோ கூடாது.

இந்தச் சோதனையை நிமிர்ந்து நின்று மட்டும் செய்தால் மலைப்பாதைக்குப் போதாது. இறக்கத்தில் நாம் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மார்பைத் தாழ்த்தி, முகத்தை மட்டும் உயர்த்திப் பாதையைப் பார்க்கிறோம். அந்த நிலையில் கவசத்தின் பின்விளிம்பு கழுத்தையோ, முதுகுப்பையின் மேல்பகுதியையோ, மழைச்சட்டையின் காலரையோ தொட்டு, கவசத்தை அடியிலிருந்து கண்ணை நோக்கித் தள்ளும். ஆகவே பையை மாட்டிக்கொண்டு, வண்டிமேல் ஏறிச் சுவரைப் பிடித்தபடி அதே இறக்க நிலைக்கு வந்து தலையை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். எங்கேனும் முட்டினால் பையைத் தாழ்த்திக் கட்டுங்கள், கவசத்தைத் தளர்த்தாதீர்கள்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்றுண்டு. ஒரு நீண்ட ஏற்றத்தில் வியர்வை வழிந்ததால், பின்புறத் திருகை மூன்று நான்கு சொடுக்குகள் தளர்த்தி, தாடை வாரையும் இறக்கிவிட்டிருந்தேன். உச்சியில் தண்ணீர் குடித்தேன், முழங்கால் காப்பை ஏற்றினேன், சீட்டைத் தாழ்த்தினேன், கவசத்தை மறந்துவிட்டேன். முதல் வளைவுக்கு அப்பால் கற்படுகை. முன்சக்கரம் இரண்டாவது கல்லில் குதித்ததும் வைசர் கண்ணுக்கு முன்னால் இறங்கிப் பாதையின் பாதியை மறைத்தது. அதைத் தள்ளுவதற்காக ஒரு கையை எடுத்தேன்; அடுத்த கல்லில் வண்டி திரும்பிவிட்டது. தோளில் விழுந்ததால் தப்பினேன், ஆனால் எழுந்தபோது கவசம் பிடரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றுமுதல் சீட்டைத் தாழ்த்திய கை அடுத்து திருகுக்கும், அதன்பின் தாடை வாருக்கும் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போதும் வாரை அவிழ்ப்பதில்லை. நின்று ஓய்வெடுக்கும்போது கழற்றுகிறேன்.

செங்குத்தான இறக்கங்களுக்கு அணியும், தாடையையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் கவசத்தில் பொருத்தத்தைத் தீர்மானிப்பவை கன்னத் திண்டுகள். அணிந்ததும் கன்னங்கள் சற்று மேலே தள்ளப்பட வேண்டும். தாடைப் பகுதியைப் பிடித்து அசைத்தால் கன்னத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். புதிதில் இறுக்கமாகத் தோன்றினாலும் திண்டுகள் நாளடைவில் தளரும். இவற்றுள் பலவற்றில் இரட்டை டி வளையம்தான் பூட்டு. வாரின் நுனியை இரண்டு வளையங்களுக்குள்ளும் ஒன்றாக நுழைத்து இழுத்து, நுனியைத் திருப்பி, வெளிவளையத்தின் மேலாக எடுத்து, உள்வளையத்துக்குள் மட்டும் செருகி இழுங்கள். இரண்டாவது முறையும் இரு வளையங்களுக்குள் நுழைத்துவிட்டால் பூட்டு பிடிக்காது. நுனியில் இருக்கும் பொத்தான் மிச்ச வார் படபடக்காமல் இருப்பதற்கானது. அதை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது.

கூந்தலை உச்சியில் கொண்டை போட்டால் கவசம் மட்டமாக அமராது. பிடரியில் தாழ்வாகக் கட்டி, தாங்கிக்குக் கீழே விடுங்கள். தடித்த தொப்பியின் மேல் கவசம் அணியாதீர்கள். குளிருக்கு மெல்லிய உள்தொப்பி போட்டால் திருகையும் வாரையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். கண்ணாடியின் கைகளை வார்களுக்கு மேலாக விட்டால், விழும்போது கண்ணாடி தனியே கழன்று போகும்.

பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். நசுங்கிய நுரை மீண்டும் எழுவதில்லை. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் நசுங்குவதற்கு அங்கே மிச்சம் இருக்காது. அடிபடாமல் இருந்தாலும், தயாரிப்பாளர் குறித்த காலம் கடந்ததும் புதியது வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் வைக்காதீர்கள். பெயின்ட், தின்னர், பெட்ரோல் கலந்த துடைப்பான்கள் நுரையைக் கரைக்கக்கூடியவை. மிதமான சோப்பு நீரில் உள்திண்டுகளையும் வார்களையும் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வார்களில் உப்பு படிந்து விறைத்திருந்தால் பிளாஸ்டிக் பூட்டுகள் சரியாகப் பிடிக்காமல் நழுவும். அதனால் உலர்ந்தபின் காதுக்குக் கீழுள்ள இரண்டு பூட்டுகளையும் திறந்து மூடி, வார்களின் 'வி' அதே இடத்தில் நிற்கிறதா என்று அடுத்த பயணத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.