அண்ணா பல்கலைக்கழகம் பக்கம் கட்டுப்படியான வாடகையில் வீடு பிடிப்பது எப்படி?

கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்துவிட்டது, நண்பர்கள் சேர்ந்து வெளியே வீடு எடுக்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போர்டில் போட்டிருக்கும் வாடகை வேறு, மாதாமாதம் கையை விட்டுப் போகும் பணம் வேறு. தேடும்போதே முழுக் கணக்கையும் போட்டுவிடுங்கள்.

1. முதலில் ஏரியா

கோட்டூர்புரம், அடையாறு இரண்டும் பக்கம்தான். வாடகைதான் மாணவர்களுக்குக் கட்டாது. கோட்டூரின் உள் சந்துகளிலும் சைதாப்பேட்டையிலும் பழைய போர்ஷன்கள் கிடைக்கும். அதுவும் கையைக் கடித்தால் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போங்கள். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். பழவந்தாங்கல் பக்கம் என்றால் புறநகர் ரயிலில் கிண்டி, அங்கிருந்து பஸ். மாணவர்களுக்குச் சலுகை சீசன் டிக்கெட் உண்டு. என்னைக் கேட்டால், ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கும் வேளச்சேரி வீடு, ஷேர் ஆட்டோவை நம்பியிருக்கும் அடையாறு வீட்டைவிட மேல்.

2. அப்புறம் தெருத் தெருவாக நடை

ஆப்களை அந்த ஏரியாவில் என்ன ரேட் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளப் பாருங்கள். சின்ன வீட்டுக்காரர்கள் பலர் கேட்டில் டு-லெட் போர்டு மாட்டுவதோடு சரி. இஸ்திரி வண்டிக்காரரிடமும் மளிகைக் கடையிலும், "அண்ணே, பேச்சிலர்ஸுக்கு இங்க வீடு ஏதாவது காலியாகுதா?" என்று கேளுங்கள். எந்த வீடு எப்போது காலியாகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறக் குடும்பங்கள் தயங்குவார்கள். காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு அந்த மாதங்களில் தைரியமாகப் பேரம் பேசலாம். புரோக்கர் வழியாகப் போனால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷன். வீட்டைக் காட்டாமல் போட்டோவை மட்டும் அனுப்பி டோக்கன் அட்வான்ஸ் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

3. தண்ணீரையும் கரண்டையும் நின்று பாருங்கள்

பலர் ஹாலையும் ஜன்னலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நேராகக் குளியலறைக்குப் போங்கள். குழாயின் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் போர் தண்ணீர் கடினமானது; சோப்பு நுரைக்காது, குடிக்கக் கேன் வாங்கியே ஆக வேண்டும். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வருகிறதா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தப் பணத்தை யார் தருவது என்று கேளுங்கள். தரைத்தளம் என்றால், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், வேளச்சேரி மூன்றுமே அப்போது மூழ்கியவை.

கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே வசூலித்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வராமலே போகலாம். உதாரணமாக, 9,500 ரூபாய் வாடகையோடு மெயின்டனன்ஸ் 1,000, சப்-மீட்டரில் 1,200, கேன் தண்ணீர் 600 சேர்ந்தால் 12,300 ஆகிவிடுகிறது. தனி மீட்டரும் நல்ல தண்ணீரும் இருக்கும் 11,000 ரூபாய் வீடு இதைவிட மலிவாக முடியலாம்.

4. அட்வான்ஸும் அக்ரிமென்டும்

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஆனால் அதிகம் தருவதாக நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் வாதாடுவது கஷ்டம். அதனால் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்டால், கையெழுத்துக்கு முன்பே இந்தச் சட்டத்தைச் சொல்லி மரியாதையாகப் பேசுங்கள்.

காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், வாடகை எப்போது ஏறும், எத்தனை பேர் தங்கலாம் என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு போதாது. அக்ரிமென்டை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய அரசின் இணையதளம் இருக்கிறது, ஓனரிடம் அதையும் கேளுங்கள். அட்வான்ஸை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள்.

சாவி வாங்கும் அன்று, சாமான் இறக்குவதற்கு முன் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, மீட்டர் ரீடிங் படத்தோடு ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.