இரண்டாம் பாகம் பார்க்கப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது எப்படி?

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் கோடை விடுமுறைக்கு ஆறு பிள்ளைகள் கூடுவார்கள். ஒருமுறை 'நார்னியா' படத்தொடரின் இரண்டாம் பாகத்தை, 2008இல் வந்த 'பிரின்ஸ் காஸ்பியன்' படத்தை, நேரடியாகப் போட்டுவிட்டேன். கால் மணி நேரத்திலேயே, "சித்தி, இவங்கல்லாம் யாரு?" சின்னவள் அழுதேவிட்டாள்.

அதனால் 2005இல் வந்த முதல் பாகத்தை முந்தின நாளே காட்டிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம், குழந்தைகள் தாங்க மாட்டார்கள்.

பெரிய சிக்கல் காலக் கணக்குதான். முதல் பாகத்தில் நார்னியா என்ற மாய உலகத்தை அரண்மனையில் இருந்து ஆண்ட நாலு பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் ஒரு வருஷம் போகும்போது, நார்னியாவில் 1300 வருஷம் ஓடிவிடுகிறது. வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் ராயக்கோட்டையில் இருக்கும் பழைய கோட்டைக்குக் கூட்டிப்போனேன். இடிந்த சுவரைத் தொடச் சொல்லி, "இது உன் வீடுன்னு வெச்சுக்கோ. ஒரு வருஷம் கழிச்சு வர்ற, இப்படிக் கிடக்குது" என்றேன். பெரியவன் கல் இடுக்கில் விரலை விட்டு மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றான். மறுநாள் படத்தில், இடிபாட்டுக்குள் தங்கச் சதுரங்கக் காய் கிடைத்ததும் அவன்தான் எழுந்து கத்தினான்: "அது அவங்க அரண்மனை!"

வில்லன் மிராஸின் கோட்டைக்குள் இரவில் நடக்கும் சண்டைக்கு முன்னால் படத்தை நிறுத்துங்கள். சண்டை போட உள்ளே போனவர்களில் பலர் திரும்ப மாட்டார்கள் என்று சிறியவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. அந்த இடைவெளியில் நான் பெங்களூரா மாங்காயைக் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பேன். சின்னவள் என் மடியில் உட்கார்ந்து மீதியைப் பார்த்தாள்.