ஒரு பல்பு, ஒரு கவர்: வீட்டிலேயே ஒரு நுவார் காட்சி எடுப்பது எப்படி?

இருட்டும் நிழலும் குற்றமுமாக 1940, 50-களில் ஹாலிவுட்டில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களின் பாணிதான் ஃபிலிம் நுவார். அதில் ஒரு படத்தின் கதையிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பீனிக்ஸ் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். ஆற்றைத் தாண்டினால் ஜார்ஜியா மாநிலம், பக்கத்திலேயே ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாம். சிப்பாய்களின் சம்பளத்தைக் கறக்கவே அந்த ஊரில் சூதாட்ட விடுதிகள் வரிசையாக இருந்தன. தட்டிக்கேட்க வேண்டியவர்களே அதற்கு உடந்தை. 'இதைத் துடைத்துக் காட்டுகிறேன்' என்று மாநிலத்தின் தலைமை அரசு வக்கீலான அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்றார் ஆல்பர்ட் பேட்டர்சன் என்ற வக்கீல். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் தேர்தலில் ஜெயித்தும் விட்டார். 1954 ஜூன் 18 இரவு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைக்காகத் தண்டனை பெற்றவர் துணை ஷெரீஃப், அதாவது போலீஸ்காரர்!

மறு வருடமே இயக்குநர் பில் கார்ல்சன் கேமராவோடு அதே ஊருக்குப் போய் 'தி பீனிக்ஸ் சிட்டி ஸ்டோரி' படத்தை எடுத்தார். தயாரிப்பு அலைட் ஆர்ட்டிஸ்ட்ஸ், கையைச் சுருக்கிச் செலவழிக்கும் கம்பெனி. தெருவே செட். படத்தின் ஆரம்பத்தில் ஊர்க்காரர்களே ஒரு நிருபரிடம் பேசுகிறார்கள்.

ஃபிலிம் நுவார் கற்றுக்கொள்ள நினைப்பவர்களை நான் முதலில் இந்தப் பக்கம்தான் அனுப்புவேன். பெரிய கம்பெனி, பெரிய ஸ்டார் எல்லாம் அப்புறம். சரி, இப்போது நாம் எடுக்கப்போவது மூன்று நிமிடக் காட்சி. ஒரு அறை, இரண்டு பேர், ஒரு லஞ்சம்.

படி 1: எழுதுவது

துப்பாக்கியை மறந்துவிடுங்கள். பொம்மைத் துப்பாக்கி கேமராவில் பொம்மையாகத்தான் தெரியும். ஊழலைக் காட்ட ஒரு பழுப்பு கவர் போதும். ஒரே விதி: 'லஞ்சம்' என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது. ஒரு காண்ட்ராக்டரும் ஒரு அதிகாரியும் பேசுவதாக நான் எழுதியது இப்படிப் போகும், முதலில் பேசுபவர் காண்ட்ராக்டர்:

"என்ன சார், நம்ம ஃபைல் இன்னும் உங்க டேபிள்லயே இருக்கு போல?"

"அது எங்க போகும்? அதுக்குத்தான் கால் இல்லையே."

"கால் வெச்சுட்டாப் போகுது." (கவரை மேஜைமேல் வைக்கிறார்.) "பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியாச்சா சார்?"

அதிகாரி பதில் சொல்வதில்லை. கவரைத் தொடுவதும் இல்லை. கையிலிருந்த பேப்பரை மடித்து அதன்மேல் வைக்கிறார். அவ்வளவுதான் காட்சி.

காண்ட்ராக்டர் மிரட்டவே இல்லை, பாருங்கள். பிள்ளையின் ஃபீஸைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார். பீனிக்ஸ் சிட்டி படத்திலும் வில்லன் தெருவில் எல்லாரோடும் சிரித்துப் பேசுகிற மனிதர். முறைக்கிற வில்லனைவிட நலம் விசாரிக்கிற வில்லன்தான் வயிற்றைக் கலக்குவான்.

படி 2: வெளிச்சம்

இதில்தான் அதிக நேரம் போகும், போகட்டும். அறையில் இருக்கிற எல்லா விளக்கையும் அணையுங்கள். ஜன்னலைப் போர்வையால் மூடுங்கள். கும்மிருட்டிலிருந்து தொடங்கி, தேவையான வெளிச்சத்தை மட்டும் சேர்ப்பதுதான் முறை. டியூப்லைட்டைப் போட்டு வைத்துக்கொண்டு 'கொஞ்சம் இருட்டாக்குவோம்' என்றால் நடக்காது.

முதல் விளக்கு மேஜைக்கு மேலே தொங்கும் ஒரு பல்பு. சார்ட் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி அதைச் சுற்றிக் கட்டினால் வெளிச்சம் மேஜையில் மட்டும் விழும், சுவரில் சிதறாது. எல்இடி பல்பே போடுங்கள். குண்டு பல்பு சூட்டில் பேப்பர் கருகிவிடும். இப்போது கவர் பளிச்சென்று தெரியும், முகங்கள் பாதி இருட்டில் இருக்கும். அதிகாரியின் கண் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அவர் கண்ணைக் காட்ட விரும்பாத ஆள்தானே?

இரண்டாவது, சுவரில் விழும் ஜன்னல் கம்பி நிழல். அட்டைப் பெட்டி ஒன்றில் இரண்டு விரல் அகலத்துக்கு வரிவரியாக வெட்டி எடுங்கள். அதைச் சுவருக்குக் கிட்டே, ஆனால் ஃப்ரேமுக்கு வெளியே பிடித்து, தூரத்திலிருந்து டார்ச் அடியுங்கள். பால் நிற பல்பில் நிழலின் ஓரம் குழையும். செல்போன் டார்ச் போல ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் கத்தியால் வெட்டியது போல விழும். அட்டையை விளக்குப் பக்கம் நகர்த்த நகர்த்த நிழல் பெரிதாகி மங்கும். நடிகர்களைக் கூப்பிடும் முன்பே இதை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிடுங்கள்.

படி 3: புகை

எட்கர் உல்மர் 1945-இல் எடுத்த 'டீட்டூர்' படத்தில் காதலர்கள் நியூயார்க் தெருவில் நடப்பதாக ஒரு காட்சி வரும். தெரு எங்கே? எல்லாம் மூடுபனி. செட் போடக் காசில்லாத இடத்தைப் புகை மூடிவிட்டது. 1955-இல் வந்த 'தி பிக் காம்போ'வின் கடைசிக் காட்சியும் அப்படித்தான். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன் ஒரு விமானக் கொட்டகையில் பனிமூட்டத்தையும் இரண்டு கருத்த உருவங்களையும் மட்டும் வைத்து முடித்தார்.

நமக்குச் சாம்பிராணி இருக்கிறது. ஆனால் முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் புகை வெறும் அழுக்குப் போலத் தெரியும். விளக்கு புகைக்குப் பின்னால், கேமராவை நோக்கி இருக்க வேண்டும். அளவும் முக்கியம். முதல் தடவை நான் போட்ட புகையில் நடிகர் இருமியே டேக் முழுக்கப் போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். ஒரு கரண்டி போதும். ஐந்து நிமிடம் பரவவிட்டு எடுங்கள்.

படி 4: செல்போன்

ஆட்டோ மோடில் விட்டால் போன் இருட்டைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிடும். மேனுவல் வீடியோ வசதி உள்ள ஆப் ஒன்றில் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) குறைத்து, ஷட்டர் ஸ்பீடை (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் சில எல்இடி விளக்குகளில் படம் துடிக்கும். மேனுவல் இல்லையென்றால் கவரின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, லாக் செய்து, கொஞ்சம் கீழே இறக்குங்கள். எடிட்டிங்கில் கறுப்பு வெள்ளையாக்கப்போகிறோம் என்பதால் உடையையும் கவனியுங்கள். சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒரே சாம்பலாகிவிடலாம். ஒருவருக்கு வெள்ளை, இன்னொருவருக்குக் கறுப்பு.

படி 5: சத்தம்

ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். இன்னொரு போனை மேஜைமேல் பேப்பருக்குப் பின்னால் மறைத்து ரெக்கார்டரில் போட்டு, தொடக்கத்தில் ஒரு முறை கை தட்டுங்கள். பிறகு அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்தலாம்.

சத்தமே இல்லாமலும் மிரட்டலாம். பிக் காம்போவில் காது கேட்காத ஒருவரைக் கொல்வதற்கு முன் அவருடைய காதுக் கருவியைக் கழற்றிவிடுகிறார்கள். அதன்பின் துப்பாக்கி நெருப்பு மட்டும் மின்னும், ஒலி கிடையாது. ஸ்பெஷல் எஃபெக்டுக்கு ஒரு பைசா செலவில்லை!

படி 6: வெட்டுவது

மூன்று ஷாட் எடுத்தால் போதும். இருவரும் சேர்ந்து, அதிகாரி தனியாக, கவரின் க்ளோசப். காண்ட்ராக்டருக்குத் தனி ஷாட் வேண்டாம், குரல் மட்டும் வரட்டும். பின்னணி இசையும் வேண்டாம். பேப்பர் கவர்மேல் விழும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, அதிகாரி கையை எடுப்பதற்குள் வெட்டிவிடுங்கள்.