சிட்ரோயன் எச் வேனைப் படமெடுப்பது எப்படி?

பிரான்ஸின் ஊர்ச் சந்தை ஒன்றில், தகரக் கொட்டகைக்குச் சக்கரம் பூட்டியதுபோல் ஒரு வண்டி நின்றால், அநேகமாக அது சிட்ரோயன் எச் வேன்தான். 1947 முதல் 1981 வரை தயாரானது. ரொட்டிக்கடை, இறைச்சிக்கடை, போலீஸ் என எல்லோருக்கும் உழைத்தது. இன்று பல வேன்கள் புதுப் பெயிண்ட் பூசிக்கொண்டு காபி விற்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் அந்த உழைப்பின் தடயம் படத்தில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை, செல்போனே போதும்.

1. முதலில் வணக்கம். உரிமையாளர் அருகில் இருந்தால் "போன்ஜூர்" சொல்லி, அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிரான்ஸில் வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது மரியாதைக் குறைவு.

2. வெயிலைப் பாருங்கள். இந்த வேனுக்கு இதுதான் உயிர். பக்கவாட்டுத் தகடு முழுவதும் வரிவரியாக இருக்கிறதே, அது அலங்காரத்துக்காக அல்ல. மெல்லிய தகட்டை இப்படி மடித்தால் விறைப்பு கூடும். கனமான இரும்பு தேவைப்படாது. அந்த வரிகள் கிடைமட்டமாக ஓடுகின்றன. எனவே நிழல் விழ வேண்டுமானால் ஒளி மேலிருந்து வழிய வேண்டும். உச்சி வெயிலில் படமெடுக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே அந்த அறிவுரையைத் தள்ளி வையுங்கள். கோடையில் முற்பகல் பதினொரு மணிக்கு மேல், வெயில் வேனின் பக்கத்தை உரசிக்கொண்டு இறங்கும்போது, ஒவ்வொரு வரிக்கும் கீழே மெல்லிய கறுப்புக் கோடு விழும். காலை இளவெயில் நேராக முகத்தில் அடித்தால் வரிகள் மங்கி, வெறும் சாம்பல் நிறச் சுவர்தான் மிஞ்சும்.

3. தள்ளி நில்லுங்கள். முதன்முதலில் நான் இரண்டடி தூரத்தில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தேன். மூக்கு மட்டும் ஊதிப் பெருத்து, பின்பகுதி சுருங்கிப்போனது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேனைப் "பன்றி மூக்கு" என்று செல்லமாக அழைப்பார்கள். அந்த மூக்கை உள்ள அளவில் காட்டினாலே போதும். ஏழெட்டு மீட்டர் பின்னால் போய், செல்போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, இடுப்பு உயரத்தில் பிடியுங்கள்.

4. வேனின் உள்தரையைப் படமெடுங்கள். பலரும் விட்டுவிடும் படம் இது. எஞ்சின் முன் சக்கரங்களை இயக்குவதால், பின்பக்கம் போகும் சுழல்தண்டு கிடையாது. அதனால் சரக்குத் தளம் மிகத் தாழ்வாக அமைந்தது. ஓர் ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். கூடையோடு ஒருவர் வலப்பக்க இழுகதவு வழியாக ஏறும்போது கேமராவைத் தளத்தின் மட்டத்துக்கு இறக்கி எடுங்கள். இந்த வேன் ஏன் வியாபாரிகளுக்குப் பிடித்தது என்று அந்த ஒரு படமே சொல்லிவிடும். பின்கதவுகளையும் திறந்த நிலையில் எடுங்கள்: மேல்பாதி மேலே தூக்கும், கீழ்ப்பாதி இரண்டாகப் பிரியும்.

5. வயதைக் கண்டுபிடியுங்கள். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் 1964-க்கு முந்தைய வடிவம். பின்சக்கரத்தின் மேல் வளைவு வட்டமாக இருந்தால் 1960-களின் இறுதி வரை வந்தது. சதுரமாக இருந்தால் அதற்குப் பிந்தையது. இரண்டையும் அருகில் சென்று எடுத்து வையுங்கள். உதிரிப் பாகங்கள் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

6. எழுதி வையுங்கள். படம் வேனின் உருவத்தைத்தான் காக்கும். முதலில் எந்த ஊரில் ஓடியது, என்ன சுமந்தது, யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று கேட்டு, அன்றைக்கே எழுதிவிடுங்கள். பழைய கடைப் பெயரின் எழுத்து பெயிண்டுக்கு அடியில் மெல்லத் தெரிகிறதா என்று பக்கத் தகட்டைச் சாய்ந்த பார்வையில் பாருங்கள். தெரிந்தால் வேறு எதையும்விட முதலில் அதைப் படமெடுங்கள். அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது அதைச் சுரண்டித் தேய்த்துவிடுவார்கள்.

கிளம்பும் முன், இழுகதவு மூடும் ஓசையையும் எஞ்சின் உயிர்பெறும் ஓசையையும் அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு படத்தை அச்சிட்டு உரிமையாளருக்கு அனுப்புங்கள்; கேட்க மறந்த கேள்வியையும் அந்த உறையிலேயே வைத்துவிடலாம்.