சூடு தாங்கும் எஸ்எஸ்பி புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது எப்படி?

பிசிஆருக்கு (டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) டாக் பாலிமரேஸ் என்ற நொதியைத் தந்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவில் எஸ்எஸ்பி என்ற இன்னொரு புரதமும் உண்டு. ஒற்றை இழை டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு, அது தனக்குள் மடங்கிச் சிக்காமல் காப்பது இதன் வேலை. ஈ.கோலை பாக்டீரியாவின் எஸ்எஸ்பி நான்கு அலகுகளால் ஆனது. தெர்மஸின் எஸ்எஸ்பியில் இரண்டே அலகுகள், ஆனால் ஒவ்வொன்றிலும் டிஎன்ஏவைப் பிடிக்கும் மடிப்பு இரண்டு. ஓர் அலகு சுமார் 30 கிலோடால்டன். ஈ.கோலையில் உருவாக்கிச் சூடாக்கினால் மற்ற புரதங்களில் பெரும்பகுதி உறைந்து விழும், இது கரைசலிலேயே நிற்கும். ஆனால் ஒட்டிக்கொண்டு வரும் டிஎன்ஏவைச் சூடு நீக்காது. அதற்கு உப்புதான் (சோடியம் குளோரைடு) வேண்டும்.

இந்தப் புரதத்தின் மரபணுவை ஈ.கோலையின் கோடான்களுக்கு (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள்) ஏற்ப மாற்றிச் செயற்கையாகச் செய்து வாங்குங்கள். ஹிஸ் டேகை (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வரிசை) முன்முனையில் வையுங்கள். பின்முனையின் அமில வால் மற்ற புரதங்களோடு சேரும் இடம், அதைத் தொடக் கூடாது.

மரபணுவை ஏற்றிய ஈ.கோலை பிஎல்21(டிஇ3) செல்களை 1 லிட்டர் எல்பி ஊடகத்தில் 37 டிகிரியில் வளர்த்து, ஓடி (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.6 வந்ததும், புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் சேர்த்து 4 மணி நேரம் விடுங்கள். செல்களைச் சேகரித்து, 20 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 8.0), 1 மோலார் உப்பு, 1 மில்லிமோலார் பிஎம்எஸ்எஃப் (புரதத்தை வெட்டும் நொதிகளைத் தடுப்பது) கொண்ட 30 மில்லிலிட்டர் பஃபரில் கரைத்து, பனிக்கட்டியில் வைத்து சோனிகேட் செய்யுங்கள் (ஒலி அலையால் செல்களை உடைப்பது). கொழகொழப்பு போகும்வரை நிறுத்தாதீர்கள். டிஎன்ஏவை வெட்ட நியூக்ளியேஸ் சேர்க்கவே வேண்டாம்: அது துளி மிஞ்சினாலும் பிறகு உங்கள் டிஎன்ஏவையே தின்னும்.

அடுத்து 65 டிகிரி நீர்க்குளியலில் 20 நிமிடம். குழாய்க்குள் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். குளியல் காட்டும் சூட்டை உள்ளே இருக்கும் திரவம் எட்டச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குப் பிறகே நேரத்தை எண்ண வேண்டும். கரைசல் கெட்டியாக இருந்தால் திரிந்த பால் போல உறைந்து, எஸ்எஸ்பியையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். அப்படியானால் முன்கூட்டியே இரண்டு மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். பின்னர் 10 நிமிடம் பனிக்கட்டி, 20,000 ஜி வேகத்தில் 30 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ்.

ஒரு எச்சரிக்கை: ஈ.கோலையின் சொந்த எஸ்எஸ்பியும் சூட்டை நன்றாகவே தாங்கும். ஜெல்லில் 19 கிலோடால்டன் அருகே பட்டை தெரிந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிக்கல் நிரப்பிய குழாய் (column) இதைப் பிரித்துவிடும். அந்த நிக்கல் குழாயையே டிஎன்ஏவைக் கழுவவும் பயன்படுத்துங்கள்: 2 மோலார் உப்புள்ள பஃபரை அந்தக் குழாயின் கொள்ளளவைப் போல 10 மடங்கு மெதுவாக விட்டு, பிறகு 20 மில்லிமோலார் இமிடசோலால் கழுவி, 250 மில்லிமோலாரில் இறக்குங்கள். 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 0.6 பக்கம் வந்தால் நல்லது. 1 அல்லது அதற்கு மேல் என்றால் நியூக்ளிக் அமிலம் இன்னும் போகவில்லை. உப்புக் கழுவலை மறுபடியும் செய்யுங்கள்.

20 மில்லிமோலார் டிரிஸ், 0.3 மோலார் உப்பு, 1 மில்லிமோலார் டிடிடி, 50 சதவீதம் கிளிசரால் உள்ள பஃபருக்கு டயாலிசிஸ் செய்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். உப்பை இதற்கு மேல் குறைக்காதீர்கள், புரதம் கலங்கிவிடும்.

சோதனைக்கு, ஒளிரும் சாயம் ஏற்றிய 35 தைமின் இழையில் 10 பிகோமோல் எடுத்து, புரத இரட்டையை 2, 5, 10, 20 பிகோமோல் எனக் கூட்டி, எஸ்டிஎஸ் (புரதத்தின் வடிவைக் குலைக்கும் சோப்பு) இல்லாத ஜெல்லில் ஓட்டுங்கள். பட்டை மேலேறி, சுமார் 10 பிகோமோலில் முழுதும் நகர வேண்டும். அதிகம் தேவைப்பட்டால் புரதத்தில் ஒரு பகுதி செயலிழந்தது அல்லது பழைய டிஎன்ஏவால் நிரம்பியது. இன்னொரு பங்கை 95 டிகிரியில் உங்கள் பிசிஆர் நேரத்துக்குச் சூடாக்கி இதே சோதனையைச் செய்யுங்கள். தாங்காவிட்டால், 80 டிகிரி வாக்கில் வளரும் தெர்மோடோகா மாரிடிமாவின் எஸ்எஸ்பிக்கு மாறலாம்.

பிசிஆரில் 25 மைக்ரோலிட்டருக்கு 100, 200, 400 நானோகிராம் என்று பாருங்கள். எஸ்எஸ்பி இல்லாத குழாய் ஒன்றும் கட்டாயம். மிகுந்தால் பிரைமரையே (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மூடி, பெருக்கத்தை நிறுத்திவிடும். சேமிப்புக் கரைசல் 1 மைக்ரோலிட்டர் சேர்த்தாலே 12 மில்லிமோலார் உப்பு கூடும், அதையும் கணக்கில் எடுங்கள். ஜெல்லில் பட்டை இழுபட்டுத் தெரிந்தால் பெருக்கம் தோற்றதாக எண்ணாதீர்கள், எஸ்எஸ்பி டிஎன்ஏவில் ஒட்டியிருக்கலாம்: ஏற்றும் சாயத்தில் 0.5 சதவீதம் எஸ்டிஎஸ் கலந்து, 65 டிகிரியில் 5 நிமிடம் வைத்து மறுபடி ஓட்டுங்கள்.